கற்பூர மரத்தின் பிறந்த வீடு

ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கங்காருவைப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் செடிகொடிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இதை யாரும் மெச்சவில்லை. "இத்தனை பணம் செலவழித்துக்கொண்டு போய், இலையும் பூவுமா பிடித்துக்கொண்டு வந்தீர்கள்? அதற்கு நம் கொல்லைப்புறம் போதாதா?" என்று கேட்டாள் என் மனைவி. கேள்வி நியாயமானதுதான். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிதானமாக யோசித்துப் பார்த்து இப்போது சொல்கிறேன்.

சிட்னி நகரத்தில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் அழைப்பின்பேரில் ஒரு செப்டம்பர் மாதம் அங்கே போயிருந்தேன். நமக்குப் புரட்டாசி, அவர்களுக்கு வஸந்த காலம். போய் இறங்கிய மறுநாளே நண்பரும் அவருடைய பத்து வயதுப் பெண்ணும் என்னைத் துறைமுகத்தின் ஓரத்தில் இருக்கும் ராயல் பொட்டானிக் கார்டனுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். புல்தரையைக் கடந்து சிறிது தூரம் நடந்ததும், பட்டை உரிந்து வழவழவென்று வெளுத்த அடிமரத்தோடு ஓங்கி வளர்ந்த மரம் ஒன்றைக் கண்டேன். "அட, நம் ஊட்டி மரம்!" என்று என்னை அறியாமல் கூவிவிட்டேன். கீழே கிடந்த இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தேன். ஜலதோஷம் பிடித்தால் பாட்டி வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு, போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்கச் சொல்வாளே, அந்த நீலகிரித் தைலத்தின் வாசனை!

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, இது எங்க ஊர் மரம். உங்க ஊருக்கு இது எப்போ வந்தது?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் கதைகளில் எத்தனை கதாநாயகிகளை ஊட்டி மலைச்சரிவில், இந்த மரத்தடியில் நிறுத்தி அழவைத்திருக்கிறேன்! அந்த மரம் எங்கே பிறந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று ஒரு நாளாவது விசாரித்ததுண்டா? யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் பரீட்சைக்குத் தெரிந்த விஷயம் மனசுக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆயிற்று.

நண்பர் என்னைத் தேற்றுவதுபோல் சொன்னார்: "நீங்கள் நினைக்கிற ஊட்டி மரமும் இது இல்லை. அது ப்ளூ கம். அதன் சொந்த ஊர் தெற்கே டாஸ்மேனியாவும் விக்டோரியாவும். இது அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. இந்தக் குடும்பத்தில் எழுநூறு வகைக்கு மேல் உண்டு."

நீலகிரிக்காரர்கள் அதைக் கற்பூர மரம் என்பார்கள். நம் மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணின் பிறந்த வீட்டைத்தான் பார்த்துவிடுவோமே என்று அன்றைக்கே தீர்மானம் செய்தேன். நண்பரிடம் நல்ல காமிரா ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் புறப்பட்டேன்.

*

செடியைப் போட்டோ எடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். மனிதனிடம் "அசையாதே" என்றால் கொஞ்ச நேரமாவது கேட்பான். பூ கேட்காது. காமிராவின் கண்ணில் பூ தெளிந்து வரும் அந்த நிமிஷத்தில்தான் காற்று வீசும். யூகலிப்டஸ் பூ தலைக்கு மேலே முப்பது அடி உயரத்தில் பூக்கும். அதன் இலைகளோ வெயிலுக்கு முகத்தைக் காட்டாமல் ஓரத்தைக் காட்டிக்கொண்டு தொங்கும். வறண்ட நாட்டில் தண்ணீரைச் சிக்கனம் செய்ய அந்த மரம் கண்ட உபாயம் இது. அதனால் நிழலும் ஜல்லடை நிழல்தான். முதல் நாள் நான் எடுத்த அறுபது படங்களில் ஐம்பது கலங்கிப் போயிருந்தன.

மனம் சோர்ந்தபோதுதான் சிட்னி பார்க்கின்ஸன் என்ற மனிதரை நினைத்துக்கொண்டேன். பெயரைப் பார்த்து நகரத்துக்கும் இவருக்கும் சம்பந்தம் என்று எண்ணிவிட வேண்டாம். நகரம் வேறொருவர் பெயரைத் தாங்கியது. இவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஏழைச் சித்திரக்காரர். காப்டன் குக் 1768ல் எண்டெவர் கப்பலில் புறப்பட்டபோது, ஜோஸப் பாங்க்ஸ் என்ற பணக்கார இளைஞர் தாவரங்களை ஆராய்வதற்காகக் கூடப் போனார். தாம் பறிக்கும் செடிகளை வரைவதற்குப் பார்க்கின்ஸனைச் சம்பளத்துக்கு அமர்த்தி அழைத்துக்கொண்டார். நிலக்காட்சி வரைய வந்த இன்னொரு சித்திரக்காரர் டாஹிட்டித் தீவில் இறந்து போகவே, இரண்டு பேர் வேலையும் இவர் தலையில் விழுந்தது.

1770 ஏப்ரல் 29ம் தேதி கப்பல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஒரு விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சியது. அங்கே தங்கிய ஒரு வாரத்தில் பாங்க்ஸும் அவருடைய தோழர் ஸோலாண்டரும் கண்டுபிடித்த புதிய செடிகளுக்கு அளவில்லை. திருக்கை மீன் துறை என்று முதலில் பெயர் வைத்த குக், பிறகு அதை அடித்துவிட்டு 'பாட்டனி பே' என்று மாற்றி எழுதினார். தாவர சாஸ்திர விரிகுடா! உலகத்தில் வேறெந்தக் கடற்கரைக்காவது இப்படிப் பெயர் உண்டா?

பறித்த செடி வாடுவதற்குள் வரைய வேண்டும். நமக்குக் காற்று விரோதி. பார்க்கின்ஸனுக்குக் காலமே விரோதி. பென்சிலால் உருவத்தை மளமளவென்று கோடு போட்டு, ஓர் இலைக்கும் ஓர் இதழுக்கும் மட்டும் வர்ணம் தீட்டி, மற்றதைப் பிறகு முடிக்கலாம் என்று குறிப்பு எழுதி வைத்தார். பிரயாணம் முழுவதிலும் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான படங்கள் இப்படிச் சேர்ந்தன. முடிக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. பட்டேவியாவில் கப்பல் தங்கியபோது நோய் புகுந்தது. அங்கிருந்து புறப்பட்டதும் ஒவ்வொருவராக மடிந்தார்கள். பார்க்கின்ஸன் நடுக்கடலில் 1771 ஜனவரி 26ம் தேதி காலமானார். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும்.

ஜனவரி 26! அதே தேதியில், 1788ல், ஆங்கிலேயர் கைதிகளோடு சிட்னித் துறைமுகத்தில் கரையேறிக் கொடி நாட்டினார்கள். அதே தேதியில்தான் 1950ல் நாம் குடியரசானோம். பஞ்சாங்கத்தில் ஒரே கட்டத்துக்குள் எத்தனை பேருடைய சந்தோஷமும் துக்கமும் அடங்கியிருக்கின்றன!

பாங்க்ஸ் லண்டனுக்குத் திரும்பியதும் வேறு சித்திரக்காரர்களைக் கொண்டு படங்களைப் பூர்த்தி செய்வித்தார். எழுநூறுக்கு மேற்பட்ட செப்புத் தகடுகளில் செதுக்கவும் செய்தார். ஆனால் அவர் உயிரோடு இருந்த வரையில் அந்தப் புத்தகம் வெளிவரவில்லை. முழுவதும் வர்ணத்தில் அச்சானது 1980க்கும் 1990க்கும் இடையில். பார்க்கின்ஸன் வரைந்து இருநூறு வருஷத்துக்குப் பிறகு! என் ஐம்பது படங்கள் கலங்கிப் போனதற்கு நான் அழலாமா?

*

சிட்னித் தோட்டம் இருக்கும் இடத்தில்தான் 1788ல் குடியேறியவர்கள் முதல் வயலை உழுதார்கள். ஒன்பது ஏக்கரில் தானியம் விதைத்தார்கள். மண் கைகொடுக்கவில்லை, பட்டினிதான் மிஞ்சியது. தோட்டமாக அது உருவானது 1816ல்.

அந்த மண் அதற்கு முன்பு வெறுமையாகக் கிடக்கவில்லை. காடிகல் என்ற ஆதிக்குடிகள் அங்கே ஆயிரமாயிரம் வருஷமாக வாழ்ந்தார்கள். எந்தக் கிழங்கைத் தின்னலாம், எந்தப் பூவில் தேன் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். 1789ல் பெரியம்மை வந்து அவர்களில் பெரும்பாலோரை வாரிக்கொண்டு போயிற்று. செடிகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களில் பல அவர்களோடு போய்விட்டன. தப்பிப் பிழைத்த பெயர்களில் ஒன்று 'வாரட்டா'. செக்கச் செவேலென்று, இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய பெரிய மலர். 1962லிருந்து அந்த மாகாணத்தின் சின்னம். தோட்டத்தின் ஒரு மூலையில் இப்போது காடிகல் மக்களின் வரலாற்றைச் சொல்லும் பகுதி ஒன்றை அமைத்திருக்கிறார்கள். அங்கே காமிராவை எடுக்க எனக்குக் கை வரவில்லை; நின்று படித்துவிட்டு வந்தேன்.

வந்தவர்கள் எதை நட்டார்கள்? ஓக் மரம், எல்ம் மரம், ரோஜாச் செடி, ஆப்பிள், கோஸுக்கிழங்கு எல்லாம் நட்டார்கள். காலடியில் பூத்துக் கிடந்ததை 'புதர்' என்ற ஒரே சொல்லில் அடக்கி வெட்டித் தள்ளினார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அன்று மாலை நண்பர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அந்தக் கோபம் தணிந்துவிட்டது. ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி. குளிர் காலத்தில் அது பட்டுப் போகாமலிருக்க நண்பரின் மனைவி துணியைச் சுற்றிக் கட்டி, குழந்தையைப்போல் காப்பாற்றுகிறாராம். "அண்ணா, ஏழெட்டுச் செடி போய், இது ஒன்றுதான் பிழைத்தது. இதன் வாசனை இல்லாவிட்டால் ரஸம் ரஸமாகவே இருப்பதில்லை" என்றார். வேலிக்கு அப்பால் ஒரு மஞ்சள் பூ மரம் கிளை கொள்ளாமல் பூத்துக் கிடந்தது. அதன் பெயரென்ன என்று கேட்டேன். "தெரியாது அண்ணா, ஏதோ காட்டு மரம்" என்றார்.

ஓக் மரம் நட்ட வெள்ளைக்காரனுக்கும் கறிவேப்பிலை நட்ட நம் சகோதரிக்கும் என்ன வித்தியாசம்? அயல் மண்ணில் மனிதன் போடும் முதல் தோட்டம் அழகுக்காகப் போடுவதில்லை, ஏக்கத்துக்காகப் போடுவது. ஆனால் ஒன்று: நம் சகோதரி தொட்டியோடு நிறுத்திக்கொண்டார். அவர்கள் ஒரு கண்டத்தையே தொட்டியாக்கப் பார்த்தார்கள்.

தோட்டத்தின் குளத்து நடுவே ஒரு கல் ஸ்தூபி நிற்கிறது. ஆலன் கன்னிங்ஹாம் என்பவருடைய எலும்புகள் அதில் இருக்கின்றன. 1816ல் செடி சேகரிக்க வந்து, கரையோரமெல்லாம் கப்பலிலும், உள்நாட்டில் குதிரையிலும் அலைந்தவர். 1837ல் அவரைத் தோட்டத்துக்கு அதிகாரியாக்கினார்கள். புதிய செடிகளை வளர்க்கலாம் என்று வந்தவருக்கு, சர்க்கார் அதிகாரிகளின் சமையலறைக்குக் காய்கறி பயிரிடுவதும் உத்தியோகம் என்று தெரிந்தது. சில மாதங்களிலேயே வேலையை உதறிவிட்டுக் காட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். 1839ல், நாற்பத்தேழு வயதில், க்ஷயரோகத்தால் இறந்தார். எழுத்தாளனுக்கு இந்த மனிதரைப் பிடிக்காமல் இருக்குமா? முட்டைக்கோஸ் பயிரிட மறுத்தவரை நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

*

சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குப் போனேன். அங்கேதான் கற்பூர மரத்துக்குத் தகப்பனார் ஸ்தானத்தில் இருந்து, சீர் செய்து ஊர் ஊராக அனுப்பிய ஒரு மனிதர் வாழ்ந்தார். பெர்டினாண்ட் வான் முல்லர். ஜெர்மனியில் பிறந்தவர். 1847ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். 1853ல் விக்டோரியா மாகாணத்தின் தாவர அதிகாரியானார். 1857ல் மெல்போர்ன் தோட்டத்தின் தலைமையும் அவரிடம் வந்தது. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ப்ளூ கம் விதைகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி உலகமெங்கும் அனுப்பினார். சதுப்பு நிலத்துக் காய்ச்சலை அந்த மரத்தின் வாசனை விரட்டும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். உண்மையில் வாசனைக்கு அந்த வேலை தெரியாது. வேர் தண்ணீரை உறிஞ்சும், சதுப்பு வற்றும், கொசுவுக்குக் குடியிருக்க இடம் இராது. காரணம் தப்பு, காரியம் சரி!

ஆனால் ஊர் ஜனங்களுக்கு முல்லரின் தோட்டம் பிடிக்கவில்லை. "பாடசாலையாக இருக்கிறது, உட்காரப் புல்தரை இல்லை, பார்க்கப் பூ இல்லை" என்பது அவர்களுடைய புகார். 1873ல் அவரைத் தோட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பின்னால் வந்த கில்பாயில் என்பவர் ஏரியும் புல்வெளியுமாக அதை மாற்றி அமைத்தார். இன்று பார்க்கும்போது அது கண்கொள்ளாக் காட்சிதான். முல்லர் 1896 வரை உயிரோடு இருந்தார். தாவர அதிகாரி உத்தியோகமும் அவரிடமே இருந்தது. ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் மறுபடி அவர் காலடி வைக்கவே இல்லை என்பார்கள். அதன் புல்தரையில் உட்கார்ந்து பழச்சாறு குடித்தபோது, எனக்கு அது கொஞ்சம் கசந்தது.

நம் மலைக்கு ப்ளூ கம் வந்த கதை முல்லருக்கும் முந்தியது. 1843ல் காப்டன் காட்டன் என்ற ராணுவ எஞ்சினீயர் ஊட்டிக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்கள் குளிர் காய்வதற்காகச் சோலைக் காடுகளை வெட்டித் தள்ளியிருந்தார்கள், விறகுக்குப் பஞ்சம். இந்த மரமோ வெட்ட வெட்டத் துளிர்க்கும். பத்து வருஷத்தில் வானத்தைத் தொடும். நீலகிரியின் புல்வெளிகளை 'வெற்று நிலம்' என்று கணக்கெழுதி, அதில் கற்பூர மரத்தையும், அதன் கூடப் பிறந்த ஊர்க்காரியான சீகை மரத்தையும் நட்டுக்கொண்டே போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நிறுத்தவில்லை.

பிறந்த வீட்டில் 'புதர்' என்று இகழப்பட்டவள் புகுந்த வீட்டில் பட்டத்து ராணியானாள். அதோடு நில்லாமல், அந்த வீட்டில் முன்பே இருந்தவர்களை வெளியே தள்ளிவிட்டாள். குற்றம் அவளுடையதா? கொண்டுவந்தவர்களுடையது.

மெல்போர்னில் இன்னொரு சிறிய தோட்டத்தையும் பார்த்தேன். பால்வின் என்ற பகுதியில் மரனோவா தோட்டம். வாட்ஸன் என்ற ஒரு தனி மனிதர், ஊரெல்லாம் ரோஜா வளர்த்த காலத்தில், தம் சொந்த நிலத்தில் ஆஸ்திரேலியச் செடிகளையும் நியூஸிலாந்துச் செடிகளையும் நட்டார். 1926ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் பிறகு, 1957ல், சுதேசச் செடிகளை வளர்ப்பதற்கென்றே மெல்போர்னில் ஒரு சங்கம் தோன்றி நாடெங்கும் கிளை விட்டது. எந்த ஊரிலும் முதலில் ஒரு பைத்தியக்காரர் வேண்டியிருக்கிறது. சங்கம் பிறகு வரும்.

*

கடைசியாகக் கான்பெரா. தலைநகரத்தில் பிளாக் மௌண்டன் என்ற குன்றின் அடிவாரத்தில் தேசியத் தாவரத் தோட்டம் இருக்கிறது. 1949 செப்டம்பரில் பிரதம மந்திரி சிப்லியும், லண்டன் க்யூ தோட்டத்தின் தலைவர் ஸால்ஸ்பரியும் அங்கே மரக்கன்று நட்டார்கள். 1970 அக்டோபரில் முறைப்படி திறந்தார்கள். ஆஸ்திரேலியச் செடி தவிர வேறெதற்கும் அங்கே இடம் கிடையாது. குக் கரையேறியதிலிருந்து எண்ணினால் திறப்புவிழாவுக்குச் சரியாக 200 வருஷம்! தன் வீட்டுச் செடியைத் தானே ஏறிட்டுப் பார்க்க ஒரு தேசத்துக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

அங்கே நான் மூன்று நாள் தங்கினேன். முதல் நாள் வரவேற்பு பலமாக இருந்தது. தரையோடு தரையாக மண்டியிட்டு ஒரு சின்னப் பூவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, மண்டையில் ஓர் அடி! கறுப்பும் வெள்ளையுமான மாக்பை என்ற பறவை. வஸந்த காலத்தில் கூடு கட்டியிருக்கும் ஆண் பறவை, பக்கத்தில் வரும் மனிதனைப் பின்னாலிருந்து பாய்ந்து கொத்துமாம். மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு போனேன்.

வறண்டு கிடந்த ஒரு பள்ளத்தாக்கில், குழாய்கள் வழியாகப் பனிபோல் தண்ணீரைத் தூவித் தூவி, ஒரு மழைக்காட்டையே உண்டாக்கியிருக்கிறார்கள். படியிறங்கினால் வெயில் மறைந்து, பெரணிச் செடிகளின் ஈர வாசனை மேலே கவிகிறது. காமிராவின் கண்ணாடியைத் துடைத்து மாளவில்லை.

மேலே வந்தால் பாங்க்ஸியா மரங்கள். பாங்க்ஸின் பெயரைத் தாங்கியவை. புட்டி கழுவும் பிரஷ்போல் பூவும், கட்டை போன்ற காயும். காட்டுத் தீ பட்டால்தான் பல வகைப் பாங்க்ஸியாக்களில் அந்தக் காய் வாய் திறந்து விதையை உதிர்க்கும். தீ இல்லாத இடத்தில் விதை வேண்டுமென்றால் காயை அடுப்பில் வைத்து எடுப்பார்களாம். துன்பம் வந்தால்தான் மனசைத் திறக்கும் சில மனிதர்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

யூகலிப்டஸ் மொட்டையும் அங்கேதான் கைக்கெட்டும் உயரத்தில் பார்த்தேன். மொட்டின் தலையில் ஒரு சின்னத் தொப்பி. பூக்கும்போது தொப்பி கழன்று விழுகிறது. உள்ளிருந்து கேசரங்கள் மத்தாப்புப்போல் விரிகின்றன. இதழே கிடையாது. நன்றாக மூடியது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1788ல் ஒரு பிரெஞ்சுக்காரர் இதற்கு யூகலிப்டஸ் என்று பெயர் வைத்தார். தொப்பி பாதி கழன்று நின்ற ஒரு மொட்டைப் படம் பிடித்தேன். நான் எடுத்தவற்றில் அதுதான் மிக நல்ல படம்.

திரும்பும் வழியில் சிட்னித் தோட்டத்துக்கு மறுபடி போனேன். வாலமி பைன் மரத்தைப் பார்க்கத்தான். 1994ல், அந்தப் பெருநகரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத மலைப் பிளவு ஒன்றில் இறங்கிய வனத்துறைக்காரர் இதைக் கண்டார். நாற்பது மீட்டர் உயரம் வளரும் மரம். அப்படிப்பட்ட மரம் இருநூறு வருஷமாக எவர் கண்ணிலும் படவில்லை! காட்டில் வளர்ந்த மரங்கள் நூறு கூட இல்லை. 1998ல் தோட்டத்தில் ஒன்றை நட்டபோது, திருட்டுப் போகாமலிருக்க இரும்புக் கூண்டு போட்டார்கள். 2019ம் வருஷக் கடைசியில் காட்டுத் தீ அந்தப் பள்ளத்தாக்கை நெருங்கியபோது, விமானத்திலிருந்தும் தரையிலிருந்தும் தண்ணீர் பொழிந்து அந்தச் சிறு கூட்டத்தைக் காப்பாற்றினார்கள். 'புதர்' என்று வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அவர்களும்.

*

ஊருக்குத் திரும்பிச் சில மாதம் கழித்து ஊட்டிக்குப் போனேன். கையில் காமிரா. பழக்கமான கற்பூர மரங்கள் பனியில் நின்றன. அவற்றை ஒரு படமும் எடுக்கவில்லை. இந்த மலைக்கே உரிய மரம் எது, அதை எடுக்கலாம் என்று தேடினேன். விடுதிச் சிப்பந்தியைக் கேட்டேன். வாடகைக் கார் டிரைவரைக் கேட்டேன். இருவரும் கற்பூர மரத்தைத்தான் காட்டினார்கள்!

கடைசியில் வயதான தோட்டக்காரர் ஒருவர் என்னை ஒரு புல்வெளி ஓரத்துக்கு அழைத்துச் சென்றார். குட்டையான முண்டு முடிச்சான மரம். கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூ. "இதுங்க சாமி, காட்டுப்பூவரசு. எங்க பாட்டன் காலத்துல இந்த மேடு பூரா புல்லும் இதுந்தான் இருந்துச்சாம்" என்றார். இருபத்தைந்து வருஷமாக ஊட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு கதையிலாவது அதன் பெயரை எழுதியதில்லை. அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்கும் முயற்சி நீலகிரியில் தொடங்கியிருக்கிறது. பிழைத்திருப்பதைக் காண நமக்குக் கண் இருந்தால்தான் போனதை மீட்க மனசு வரும்.

அந்தச் சிவப்புப் பூவின் படத்தை என் மனைவியிடம் காட்டினேன். "இது எந்தத் தேசத்துப் பூ?" என்று கேட்டாள்.

"நம் கொல்லைப்புறத்துப் பூ. இதைப் பார்ப்பதற்குத்தான் ஆஸ்திரேலியா வரைக்கும் போக வேண்டியிருந்தது" என்றேன்.